சிட்னியில ஒரு பழைய சந்தைக் கட்டடமும் பெரிய கடையில எங்கட கடையும்

அக்கான்ர மகளின்ர கலியாணத்துக்கெண்டு அப்பாவையும் கூட்டிக்கொண்டு சிட்னிக்குப் போய் ஒரு மாசம் நிண்டுட்டு வந்து இப்ப மூண்டு கிழமை ஆகுது. கலியாணக் கதையை எழுதச் சொல்லி கனபேர் கேட்டவை, அதை அக்கா வீட்டார் படங்களோட போடுவினம், நான் எழுத இருந்தது வேற ஒண்டு. அங்க டவுனுக்கு நடுவில ஒரு பழைய சந்தைக் கட்டடம் இருக்குது, குயின் விக்டோரியா பில்டிங் எண்டு பேர், அங்கத்தைய ஆக்கள் சுருக்கமா கியூவிபி எண்டுதான் சொல்லுறவை. அந்த ஒரு மாசத்துக்குள்ள மூண்டு தரம் போனன். ரெண்டு தரம் அப்பாவோட, ஒருதரம் தனிய. வந்தாப்பிறகும் இரவிரவா அதின்ர கதையைத் தேடித் தேடி வாசிச்சுக்கொண்டிருக்கிறன், மனுசி கேட்டா, உங்களுக்கு அந்தக் கட்டடத்தில என்ன பங்கு கிடக்கோ எண்டு. பங்கு இல்லை, ஆனா எங்களுக்கு யாழ்ப்பாண டவுனில, பெரிய கடை எண்டு சொல்லுற கடைத்தெருவில ஒரு கட்டடம் கிடக்குது, அதை இடிக்கிறதோ விடுறதோ எண்டு ரெண்டு வருசமா வீட்டில கதை ஓடுது, அதாலதான்.

எங்கட கடையைச் சொல்லிப்போட்டு அங்க வாறன். அப்பப்பா மலாயாவில ரெயில்வேயில கிளாக்கரா இருந்தவர், ஈப்போவில. பென்சன் எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, மற்ற மலாயா பென்சனியர்மாரைப் போல ஊரில ஒரு கல்வீடு கட்டி, மிச்சக் காசில டவுனில இந்தக் கடையை வாங்கினவர். அவர் வாங்கேக்கையே அது பழங்கட்டடம், வெள்ளைக்காரன் காலத்துக் கடை, முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வச்சுக் கட்டின மொத்தச் சுவர், கூரைக்குப் பனஞ்சிலாகை, மேல கள்ளிக்கோட்டை ஓடு, முன்னால றோட்டைப் பாத்த விறாந்தையில நாலு வட்டத்தூண். சின்னனில அந்தத் தூணைக் கட்டிப்பிடிச்சு என்ர ரெண்டு கையும் அங்கால முட்டுதோ எண்டு வருசா வருசம் பாக்கிறனான், பத்தாம் வகுப்பிலதான் முட்டினது. அப்பா அதில 40 வருசத்துக்கு மேல பிடவைக்கடை நடத்தினவர், இப்ப நான் அரைவாசிப் பக்கத்தில கொப்பி பேனை விக்கிறன், மற்ற அரைவாசி பூட்டிக் கிடக்குது.

கடைக்கு இண்டைக்கும் பலகைக் கதவுதான். பதினொரு பலகை. மேல ஒரு காடி, கீழ ஒரு காடி, ஒவ்வொண்டாத் தூக்கி மேல் காடிக்குள்ள குடுத்து கீழ இறக்கி அப்பிடியே தள்ளிக்கொண்டு போக வேணும், ஒழுங்கு மாறினா கடைசிப் பலகை உள்ளுக்குப் போகாது, அதால ஒவ்வொரு பலகையின்ர உள்பக்கத்திலயும் ௧, ௨, ௩ எண்டு தமிழ் இலக்கத்தை உளியால வெட்டி வச்சிருக்கினம். நான் தமிழ் இலக்கம் படிச்சது பள்ளிக்கூடத்தில இல்லை, காலமையில அப்பாவோட அந்தப் பலகை கழட்டித்தான். ஏழாம் பலகை மட்டும் இல்லை. 1995 ஐப்பசிக் கடைசியில சண்டையால முழுச் சனமும் வெளிக்கிட்டுப் போய், அடுத்த வருசம் திரும்பி வந்து பாத்தா ஓட்டில அரைவாசி இல்லை, ஏழாம் பலகையும் இல்லை. அப்பா அதுக்கு ஒரு பிளைவூட்டை வெட்டிப் போட்டு சோக்கால 7 எண்டு எழுதி வச்சவர், கொஞ்ச நாளைக்கெண்டு போட்டது, இண்டைக்கும் அதுதான் நிக்குது, மழைக்காலத்தில ஊதிப்போய் இறுகும்.

ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒருத்தர் பிளானோட வந்தவர். இடிச்சுப்போட்டு நாலு மாடி, கீழ வாகனம் விட பார்க்கிங், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, எங்களுக்கு ரெண்டு கடையும் கையில காசும். அவரோட வந்த இஞ்சினியர் சுவரை ரெண்டு இடத்தில தட்டிப் பாத்திட்டு, இது முடிஞ்சுது, இனி நிண்டு பிடிக்காது எண்டிட்டார். கனடாவில இருக்கிற அண்ணா ஓமெண்டிட்டார், அக்காவும் அரை மனசோட ஓம், நான் ஓமெண்டும் சொல்லேல்ல இல்லையெண்டும் சொல்லேல்ல. அப்பா ஒண்டுமே கதைக்கேல்ல. அவர் கதைக்காததுதான் எனக்குப் பெரிய கஷ்டமா இருந்தது.

சரி, சிட்னி. கலியாணம் முடிஞ்ச கிழமை அத்தான் ஒருநாள் லீவு போட்டு எங்களை டவுனுக்குக் கூட்டிக்கொண்டு போனவர். வென்ட்வேர்த்வில்லில ரெயின் ஏறி டவுன் ஹோல் ஸ்டேசனில இறங்கி, நிலத்துக்குக் கீழாலயே கடைகளுக்குள்ளால நடந்து போக அப்பிடியே கட்டடத்தின்ர அடித்தட்டுக்குள்ள வந்திட்டம், வெளியில நிண்டு ஒருக்காப் பாக்கவும் முன்னம் உள்ளுக்க நிக்கிறம். ஒரு தட்டு மேல ஏறினவுடன அப்பா நிண்டிட்டார். அங்க வாற சனம் எல்லாம் அண்ணாந்து மேலதான் பாக்குது, அப்பா நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறார். சின்னச் சின்ன ரைல்ஸ், மண்ணிறம், மஞ்சள், வெள்ளை, நீலம், முக்கோணமும் சதுரமுமா வெட்டி ஒண்டோட ஒண்டு முட்ட வச்சு, மார்கழி மாசத்து வாசல் கோலம் மாதிரி ஓடிக்கொண்டே போகுது. அப்பா கைத்தடியின்ர நுனியை ஒரு மூட்டில வச்சு இழுத்துப் பாத்திட்டு, "தம்பி, உது பழசோ, இப்ப போட்டதோ?" எண்டு கேட்டவர். பிடவைக்காரர் எல்லே, நெசவின்ர பின்பக்கத்தைப் பிரட்டிப் பாத்துத்தான் விலை சொல்லுவார். எனக்கு அப்ப மறுமொழி தெரியாது. பிறகு வாசிச்சுத்தான் தெரிஞ்சது, உள்பக்கத்தில பழசு கனக்க அழிஞ்சு போன நிலையிலதான் 1980களில கையில எடுத்தவை, மிஞ்சிக் கிடந்ததுகளைப் பாத்துப் பாத்து அந்த மாதிரியே திரும்பச் செய்து போட்டிருக்கினம்.

பிறகுதான் நானும் அண்ணாந்து பாத்தன். நீட்டுக்கு ஓடுற நடை, ரெண்டு பக்கமும் மாடி மாடியா கடை, இரும்புக் கிராதி, நடுவில போய் நிண்டா மேல ஒரு கண்ணாடிக் கும்மட்டம், அதுக்கு மேல வெளியில செப்புத்தகடு போத்தின இன்னொரு கும்மட்டம், அதாவது ஒண்டுக்குள்ள ஒண்டு. வெளியில றோட்டுக்கு வந்து பாத்தா பெரிய கும்மட்டத்துக்குப் பக்கத்தில மூலைக்கு மூலை குட்டிக் கும்மட்டங்கள், எல்லாம் செம்பு பச்சை பிடிச்சு, கீழ சுவர் முழுக்க மணல் நிறக் கல்லு. கட்டடம் 190 மீற்றர் அளவு நீளம், நாலு பக்கமும் நாலு தெரு, ஜோர்ஜ், மார்க்கெட், யோர்க், டுறூயிட், நடுவில இருக்கிற முழுத்துண்டும் இது ஒண்டுதான். ஒரு தலைப்பில நிண்டு பாத்தா மற்றத் தலைப்பில நிக்கிற ஆளை ஆரெண்டு மட்டுக்கட்டேலாது.

கட்டத் தொடங்கினது 1893. அந்த வருசம் ஆஸ்திரேலியாவில வங்கி வங்கியாக் கதவைச் சாத்தின வருசம், கல்லுக்கொத்தரும் சாந்து பூசிறவையும் வர்ணக் கண்ணாடி செய்யிறவையும் வேலையில்லாமல் நிண்ட காலம். அப்பிடிப்பட்ட நேரத்தில மாநகரசபை இவ்வளவு சிற்ப வேலையோட ஒரு சந்தையைக் கட்டுறதெண்டு இறங்கி, அந்தக் கைகளுக்கெல்லாம் வருசக்கணக்கில வேலை குடுத்திருக்குது. இதை வாசிச்சாப்பிறகு அடுத்த தரம் போகேக்க தூணின்ர தலையில செதுக்கின இலையும் கொடியும் எனக்கு வேற மாதிரித் தெரிஞ்சுது, ஒவ்வொரு இலையும் ஆரோ ஒரு வீட்டில உலை வச்ச காசு எண்டு.

வரைஞ்சவர் ஜோர்ஜ் மக்ரே, எடின்பரோவில பிறந்த ஸ்கொட்லாந்துக்காரர், மாநகரசபையின்ர கட்டடக்கலைஞர். அவர் ஒரே கட்டடத்துக்கு நாலு விதமா முகப்பு வரைஞ்சு சபைக்கு முன்னால வச்சிருக்கிறார், கோதிக், மறுமலர்ச்சிக்காலம், குயின் ஆன், ரோமனெஸ்க். ஒரே உடம்புக்கு நாலு சட்டை மாதிரி. அவை ரோமனெஸ்க்கைத் தெரிஞ்செடுத்தவை, அதாலதான் அந்த வட்ட வளைவுகளும் மொத்தத் தூணும். 1898 யூலை 21 திறந்தவை. விக்டோரியா மகாராணி பட்டத்துக்கு வந்து 60 வருசம் கொண்டாடின அடுத்த வருசம், அதால பேரும் அவவின்ர பேர்தான், குயின் விக்டோரியா மார்க்கெட்ஸ். பில்டிங் எண்டு மாத்தினது பிறகு, 1918 இல.

நாள் கணக்கை எங்கட ஊரோட பொருத்திப் பாத்தன், அப்பிடிப் பாத்தாத்தான் எனக்கு எதுவும் மனசில நிக்கும். 1898 இல யாழ்ப்பாணத்துக்கு ரெயினே வரேல்ல. காங்கேசன்துறைப் பக்கம் 1902 இலதான் தண்டவாளத்தில வண்டி ஓடினது, கொழும்போட முழுசா இணைஞ்சது 1905. ஆனா எங்கட மணிக்கூட்டுக் கோபுரம் அப்ப ஏற்கெனவே நிண்டிட்டுது, 1875 இல அதே மகாராணியின்ர மூத்த மகன், வேல்ஸ் இளவரசர், இலங்கைக்கு வந்ததின்ர ஞாபகமா 1882 இல முடிச்சது, வரைஞ்சவர் சிமிதர், கொழும்பு மியூசியத்தை வரைஞ்ச அதே ஆள். தாய் பேரில அங்க சந்தை, மகன் பேரில இஞ்ச மணிக்கூடு. நாங்கள் தினமும் அதுக்குக் கீழால போய் வாறம், அதைப் பாத்து நேரம் சொன்ன காலம் போட்டுது.

சந்தை எண்டா உண்மையான சந்தைதான் முதலில. நிலத்துக்குக் கீழ மரக்கறியும் பழமும், வண்டில்களை மேல கீழ ஏத்தி இறக்க தண்ணி அமுக்கத்தில வேலை செய்யிற லிஃப்ட், மேல தையல்காரர், முடி வெட்டுறவை, பூக்கடை, கோப்பிக்கடை, ஒரு பக்கத்தில கச்சேரி மண்டபம், மற்றப் பக்கத்தில தங்குற ஹொட்டேல். இதுக்குள்ள எனக்கு மறக்கேலாத ஆள் குவாங் டார்ட் எண்ட சீன வியாபாரி. சின்னப் பெடியனா சீனாவில இருந்து தங்கம் தோண்டுற இடத்துக்கு வந்தவர், வளந்து தேயிலை யாவாரம் செய்து சிட்னியிலயே பேர்பெற்ற தேத்தண்ணிச் சாலைகளை நடத்தினவர், இந்தக் கட்டடம் திறந்த அதே வருசம் இதுக்குள்ளயும் எலைட் ஹோல் எண்டு பெரிய சாலை ஒண்டு திறந்திருக்கிறார். சீனரெண்டாலே துரத்தின காலத்தில அவரின்ர சாலையில வெள்ளைக்காரப் பெரிய ஆக்கள் வந்து இருந்து தேத்தண்ணி குடிச்சவை. 1902 இல ஒருத்தன் அவரின்ர கந்தோருக்குள்ள பூந்து இரும்புக் கம்பியால அடிச்சுப் போட்டான், அதில இருந்து முழுசா எழும்பாமலே அடுத்த வருசம் செத்துப் போனார். நான் தனியப் போன அண்டைக்கு அவர் எந்தப் பக்கத்தில கடை வச்சிருந்திருப்பார் எண்டு யோசிச்சு யோசிச்சு ரெண்டு நடையும் நடந்தன். ஊர் விட்டுப் போய்க் கடை போட்ட எங்கட ஆக்களும் உலகம் முழுக்க இருக்கினம், அவரின்ர கதை எனக்கு அந்நியமா இருக்கேல்ல.

ஆனா வடிவா இருந்தாப்போல யாவாரம் நடக்கோணும் எண்டில்லை. மரக்கறிச் சந்தை வேற இடத்துக்குப் போட்டுது, வாடகை சிலவுக்குக் காணேல்ல, வருசக்கணக்கா மாநகரசபைக்கு நட்டம். நட்டம் வந்தா முதல் வெட்டு விழுறது கட்டடத்துக்கு. 1917 அளவில உள்பக்கத்தை மாத்தி நடுநடையை அடைச்சு கடைக்கு இடம் எடுத்தவை, 1930களில சிட்னி மின்சாரசபை வந்து தங்கட கந்தோருக்கேத்த மாதிரி தட்டி அடைச்சு மாத்தினது, கச்சேரி மண்டபம் எப்பவோ வாசிகசாலையாப் போச்சு. கண்ணாடிக் கும்மட்டத்துக்குக் கீழ நிண்டு அண்ணாந்து பாக்க விட்டிருந்த வெளியெல்லாம் அறை அறையாப் போட்டுது. எங்கட பூட்டிக் கிடக்கிற பக்கத்தில அப்பா தொண்ணூறுகளில அடிச்ச ஹாட்போர்ட் தட்டிதான் எனக்கு ஞாபகம் வந்தது, அதுக்குப் பின்னால ஒரு வளைவு வாசல் இருக்குது, என்ர பிள்ளையள் அதைக் கண்டதே இல்லை.

1959 இல சிட்னி மேயர் ஹரி ஜென்சன் இடிக்கலாம் எண்டு திட்டம் வச்சார். இடிச்சுப்போட்டு ஒரு திறந்த சதுக்கம், அதுக்குக் கீழ கார் பார்க்கிங். அந்த வரியை வாசிச்சு நான் போனைக் கீழ வச்சிட்டன். எங்களிட்டை வந்த பிளானும் அதுதானே. அந்தக் காலத்தில கனபேர் அதுக்கு ஆதரவு, பழசு, கறள் பிடிச்சது, டவுனுக்கு நடுவில இடத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது, பேர்போன கட்டடக்கலைஞர்மாரிலயே சிலர் இது போகட்டும் எண்ட பக்கம். மின்சாரசபைக்காரர் உள்ளுக்க குடியிருந்ததும் இடிக்கிறதுக்குப் போற சிலவும் சேந்து உடன கை வைக்கேலாமல் இழுபட்டுது, இழுபட்ட அந்தக் கொஞ்ச வருசத்துக்குள்ள சனத்தின்ர மனம் மாறிட்டுது. கட்டடத்துக்காக ஒரு நண்பர் குழு சேர்ந்தது, 1971 இல மேயரா இருந்த எம்மெட் மக்டெர்மொட் இடிக்கிறேல்ல எண்டு அறிவிச்சார், 1974 இல நாஷனல் ட்ரஸ்ட் எண்ட, பழைய கட்டடங்களைக் காக்கிற அமைப்பு முதல்தரப் பட்டியலில போட்டுது. பட்டியலுக்குச் சட்ட பலம் இல்லை, அது ஒரு மதிப்புத்தான். சட்டப்படி நியூ சவுத் வேல்ஸ் பாரம்பரியப் பதிவேட்டில ஏறினது 2010 இல, கட்டடத்தை மீட்டு 24 வருசத்துக்குப் பிறகு. வேண்டாமெண்டு சனம் நிண்டபடியாத்தான் நிண்டது, பதிவு பிறகு வந்தது.

இடிக்கிறேல்ல எண்டு சொல்லிப்போட்டும் பத்து வருசத்துக்கு மேல ஒண்டும் நடக்கேல்ல, காசு ஆர் போடுறது? அதுக்குத்தான் மலேசியாவில இருந்து ஒரு கொம்பனி வந்தது. எங்களுக்கு இதைச் சொன்னது அத்தான், நாங்கள் மேல்தட்டில ஒரு வாங்கில இருக்கேக்க போனில பாத்து வாசிச்சவர், "மாமா, இதைத் திருத்தினது ஈப்போ கார்டன் எண்டு ஒரு கொம்பனியாம்." அப்பா திரும்பி, "எந்த ஈப்போ? எங்கட ஈப்போவோ?" எண்டு கேட்டவர். ஓம், அதே ஈப்போதான், பேராக் மாநிலத்து ஈப்போ, அப்பப்பா சம்பளம் எடுத்த ஊர், 1917 இல கட்டி முடிச்ச அந்த வெள்ளை ரெயில்வே ஸ்டேசன்ர படம் எங்கட வீட்டு ஹோலில இண்டைக்கும் தொங்குது. அப்பா அதுக்குப் பிறகு கனநேரம் ஒண்டும் கதைக்கேல்ல, கிராதியில கையை வச்சுக்கொண்டு கீழ நடக்கிற சனத்தைப் பாத்துக்கொண்டிருந்தவர்.

அந்தக் கொம்பனி மாநகரசபையிட்டை 99 வருசக் குத்தகைக்கு எடுத்து, 75 மில்லியன் டொலர் அளவில சிலவழிச்சு, 1986 கடைசியில திரும்பத் திறந்தது. அடைச்சிருந்த நடையைத் திறந்து, இல்லாமல் போன படிக்கட்டைத் திரும்பக் கட்டி, ரைல்ஸ் போட்டு, கண்ணாடி மாட்டி. அதைவிட எனக்கு உச்சியில அடிச்ச மாதிரி இருந்தது இன்னொரு விசயம். கார் பார்க்கிங்கும் கட்டியிருக்கினம்! பக்கத்தில ஓடுற யோர்க் தெருவுக்குக் கீழ தோண்டி. எதுக்காகக் கட்டடத்தை இடிக்க நிண்டினமோ அது கட்டடத்தை இடிக்காமலே பக்கத்தில வந்திட்டுது. எங்கட கடைக்குப் பின்னால கிணத்தடியோட அஞ்சு பரப்புக்குக் கிட்ட வளவு கிடக்குது, பழைய பெட்டியும் தகரமும் குவிஞ்சு, ரெண்டு முருங்கையும் நிக்குது. பின் ஒழுங்கையால வாகனம் வரலாம். ரெண்டு வருசமா அதை ஒருத்தரும் யோசிக்கேல்ல, வந்தவரின்ர பிளானிலயும் இல்லை, எங்கட வாயிலயும் வரேல்ல.

2008, 2009 இல திரும்பவும் பெரிய திருத்தம் செய்து நடு வெளிக்குள்ள புது எஸ்கலேற்றர் போட்டிருக்கினம், அதுக்கு எதிர்ப்பும் இருந்திருக்குது. முதல் தரம் எனக்கும் அது கண்ணைக் குத்தினது, கண்ணாடியும் இரும்புமா அந்தக் கிராதிகளுக்கு நடுவில நீட்டிக்கொண்டு நிக்குது. ஆனா அப்பாவுக்கு முழங்கால் ஏலாது. அது இல்லாட்டி அவர் அந்த மேல்தட்டு வாங்கில வந்து இருந்திருக்கவே மாட்டார், ஈப்போக் கதையையும் கீழ எங்கையும் சத்தத்துக்குள்ளதான் கேட்டிருப்பார். அதால நான் அந்த எஸ்கலேற்றரைப் பற்றிக் குறை சொல்ல மாட்டன்.

வெளியில டவுன் ஹோல் பக்கத்தில மகாராணியின்ர பெரிய வெண்கலச் சிலை, கதிரையில இருக்கிற மாதிரி. அது அங்க செய்ததில்லை. ஜோன் ஹியூஸ் எண்ட சிற்பி செய்தது, டப்ளினில அயர்லாந்துப் பாராளுமன்றத்துக்கு முன்னால 1940களின்ர கடைசி வரைக்கும் இருந்தது, விடுதலை அடைஞ்ச நாட்டுக்கு அதை முன்வாசலில வச்சிருக்க விருப்பமில்லை, கழட்டிக் கொண்டுபோய் எங்கையோ வச்சிட்டினம். சிட்னிக்காரர் தங்கட கட்டடத்துக்கு ஒரு சிலை வேணுமெண்டு உலகம் முழுக்கத் தேடி அதைக் கண்டுபிடிச்சுக் கேக்க, அயர்லாந்து குடுத்திட்டுது, 1987 டிசெம்பர் 20 திறந்து வச்சவை. இதில எனக்கு அயர்லாந்துக்காரரின்ர மனம் நல்லா விளங்குது. எங்களை ஆண்டவையின்ர காலத்துக் கட்டடத்தை ஏன் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய் எண்டு என்னட்டையும் ஒரு சிநேகிதன் கேட்டவன். முருகைக்கல்லை அறுத்தது ஆர், சுண்ணாம்பு நீத்தினது ஆர், அந்தத் தமிழ் இலக்கத்தைப் பலகையில வெட்டினது ஆர்? மகாராணி வந்து வெட்டேல்ல. சிலை வேற, கடை வேற.

இன்னொண்டும் சொல்ல வேணும். 1986 இல எலிசபெத் மகாராணி ஒரு கடிதம் எழுதி ஒட்டி அந்தக் கட்டடத்துக்குள்ள வைக்கக் குடுத்திருக்கிறா, 2085 இல அப்ப இருக்கிற சிட்னி மேயர் ஒரு நாளைத் தெரிஞ்செடுத்துப் பிரிச்சு சனத்துக்கு வாசிக்க வேணும். குத்தகை முடியிற காலம். அதுக்குள்ள என்ன இருக்கெண்டதை விட, அண்டைக்கும் இந்தக் கட்டடம் இருக்கும் எண்டு நம்பி ஒரு கடிதத்தை வச்சிருக்கினமே, அதுதான் எனக்குப் பெரிசாத் தெரிஞ்சது. எங்களுக்கு ஓடு அடுத்த மாரிக்கு நிக்குமோ எண்டதே கேள்வி.

இஞ்ச பாரம்பரியம் எண்டு சொன்னா எல்லாருக்கும் கோட்டை, மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு இதுதான் வாயில வரும். தொல்பொருள் சட்டம் 1940 ஆம் ஆண்டில இருந்து இருக்குது, வர்த்தமானியில வந்தாத் தொடேலாது, அதெல்லாம் சரி. ஆனா கடைகளை ஆரும் கணக்கெடுக்கிறேல்ல. சனம் ராசாவோட புழங்கினதில்லை, கடையோடதான் புழங்கினது, கலியாணக் கூறை எடுத்தது, பள்ளிக்கூடச் சட்டைக்குத் துணி எடுத்தது, கடன் சொன்னது, காசு இல்லாத மாசம் கொப்பியில எழுதி வச்சது எல்லாம் இந்த விறாந்தையளிலதான். எண்பதுகளிலயும் தொண்ணூறுகளிலயும் செல்லும் குண்டும் விழுந்து போனது போக மிஞ்சினதை இப்ப நாங்களே இடிக்கிறம். என்ர கண்ணுக்கு முன்னாலேயே எங்கட வரிசையில மூண்டு போட்டுது.

சிட்னியில நிக்கேக்கையே ஒரு ஞாயிறு அண்ணாவை வீடியோவில எடுத்து எல்லாரும் இருந்து கதைச்சம். நான் ஒரு பேப்பரில கீறிக் காட்டினன், முன் கட்டடம் அப்பிடியே, பின் வளவில ரெண்டு தட்டில புதுசா ஒரு ஸ்டோரும் வாகனம் விட இடமும், பூட்டிக் கிடக்கிற பக்கத்தைத் திருத்தி வாடகைக்கு. அண்ணா காசுக் கணக்குக் கேட்டவர், கேக்கத்தான் வேணும், நாலு மாடிக்கு வாற காசு இதில வராது, அதை நான் மறைக்கேல்ல. கடைசியில அப்பா, "நான் இருக்கு மட்டும் எண்டு கேக்கேல்ல. இவன் கீறினதைச் செய்து பாருங்கோ, சரிவராட்டிப் பிறகு பாப்பம்" எண்டார். ரெண்டு வருசத்தில கடையைப் பற்றி அவர் கதைச்ச முதல் கதை அது. அண்ணா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திட்டு, சரி அப்பா எண்டார்.

வந்து இறங்கின அடுத்த நாளே ஒரு வயசான மேசனைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினன், சின்ன வயசில தகப்பனோட சுண்ணாம்பு வேலை செய்த ஆள். அவர் தட்டிப் பாக்கேல்ல, பொருமிக்கொண்டு நிண்ட இடத்தில சாந்தகப்பை நுனியை விட்டுக் கிண்டி ஒரு துண்டைக் கழட்டிக் கையில தந்தவர். வெளித்தோல் சீமெந்து, இடைக்காலத்தில பூசினது. உள்ளுக்க வெள்ளை வெளேரெண்டு பழைய சுண்ணாம்பு, அதுக்குப் பின்னால கல்லு, கல்லில கிளிஞ்சல் பதிஞ்சது அப்பிடியே தெரியுது. "தம்பி, சுவருக்கு ஒரு வருத்தமும் இல்லை, சீமெந்துதான் வருத்தம். கல்லு நிலத்துத் தண்ணியை உறிஞ்சும், சுண்ணாம்பெண்டா அதை வெளியில விட்டிடும், சீமெந்து விடாது, உள்ளுக்க அடைபட்டு உப்புப் பூத்துத் தள்ளுது" எண்டார். இஞ்சினியர் முடிஞ்சுது எண்ட சுவர். முழுச் சீமெந்தையும் கொத்தி எடுத்துப்போட்டு சுண்ணாம்புதான் பூச வேணுமாம், ஒரே மூச்சில செய்யேலாது, ஒவ்வொரு பூச்சும் காய விட வேணும், மூண்டு நாலு மாசம் எடுக்கும். சுண்ணாம்பு நீத்தப் பின் வளவில கிடங்கு வெட்டியாச்சு.

நேற்று ஓடாவியார் ஏழாம் பலகைக்கு முதிரைப் பலகை கொண்டு வந்தவர், மற்றதுகளின்ர மொத்தத்துக்குச் சீவி, காடிக்குள்ள விட்டுப் பாத்து, திரும்ப எடுத்து இன்னும் கொஞ்சம் சீவி. இலக்கத்தை நான் பென்சிலால எழுதப் போக அப்பா பென்சிலை வாங்கி ஆறாம் பலகையையும் எட்டாம் பலகையையும் பக்கத்தில வச்சு, அதே உயரத்துக்கு, அதே சரிவில ௭ போட்டுக் குடுத்தவர். ஓடாவியார் வெட்டி முடிக்கப் பின்னேரம் ஆச்சு. ஹாட்போர்ட் தட்டியையும் கழட்டிட்டம், வளைவு வாசலில என்ர ரெண்டு பிள்ளையளும் ஏறி இருந்து ஐஸ்பழம் குடிச்சவை.

இனி கூரை. ஐப்பசி மழைக்கு முன்னம் முடிக்க வேணும், சிலாகையில பத்துப் பன்னிரண்டு மாத்தக் கிடக்கு, அது எடுக்கலாம், பிரச்சினை ஓடுதான். 1996 இல கிடைச்சதைப் போட்டபடியா அரைவாசி வேற அச்சு, இடுக்கால ஒழுகுது. பழைய வீடு இடிக்கிற ஆராவது கள்ளிக்கோட்டை ஓடு வெடிக்காமல் எடுத்து வச்சிருந்தா, இணுவில், மானிப்பாய், வட்டுக்கோட்டை எந்தப் பக்கமெண்டாலும் பரவாயில்லை, ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, லான்ட்மாஸ்டர் ட்ராக்டரோட வந்து ஏத்துறன். எங்களுக்கு ஒரு 800 ஓடு காணும்.